உப்புக்காற்றில் ஏ.சி. சர்வீஸ் தொடங்க இரண்டு லட்சம் போதுமா?

ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் எட்டு ஆண்டுகள் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான உச்சிப்புளிக்குத் திரும்பி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதியில் ஏ.சி., பிரிட்ஜ் சர்வீஸ் தொடங்க நினைக்கிறீர்கள். கையில் இரண்டு லட்ச ரூபாயும் ஒரு பைக்கும் இருப்பதாகச் சொல்லி, இந்த முதல் போதுமா, ராமேஸ்வரத்தில் கடை பிடிக்க வேண்டுமா, ஏதாவது ஒரு கம்பெனியின் அங்கீகாரத்தை வாங்கிக்கொள்வது நல்லதா என்று மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறீர்கள். இருமுறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, நீங்கள் உண்மையில் கேட்பது நான்காவதாக ஒன்றை: மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தால், வேலை கிடைத்தாலும் பணம் கைக்கு வந்து சேரும் வரை குடும்பம் தாங்குமா என்பதை. முதல் மூன்றுக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 2008 முதல் மண்டபத்தில் இருந்துகொண்டு இதே தொழிலைச் செய்து வருகிறேன். ஸ்பிளிட் ஏ.சி., வீட்டு பிரிட்ஜ், மீன் வியாபாரிகளின் பெட்டி பிரீசர் ஆகியவைதான் என் அனுபவத்தின் எல்லை. ஐஸ் கம்பெனிகளின் அம்மோனியா பிளாண்டை நான் தொட்டதில்லை. தனிப் பயிற்சி இல்லாமல் நீங்களும் தொட வேண்டாம். அது தவறினால் ஒரு கம்ப்ரசரோடு போகாது, உயிரையே வாங்கிவிடும்.

கருவிகளுக்கு ஆகும் செலவு பயப்படும்படியானது அல்ல. வாக்குவம் பம்ப், புதிய கேஸ்களுக்கான கேஜ் செட், நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும், பிரேசிங் டார்ச், பிளேரிங் டூல், கிளாம்ப் மீட்டர், கேஸ் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு, பிரஷர் வாஷர், டிரில், ஏணி, இடுப்பு பெல்ட் ஆகிய எல்லாவற்றையும் நம்பகமான தரத்தில் வாங்கினால், என் கணக்கில் எழுபதாயிரம் முதல் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். இவற்றில் தராசையும் நைட்ரஜனையும் "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பவர்கள் அதிகம். நானும் தள்ளிவைத்தேன், அதன் பலனைக் கீழே சொல்கிறேன். மீதி ஒரு லட்சத்தைக் கடை அட்வான்ஸில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பணம்தான் உங்களைத் தாங்கப்போகிறது. இந்தத் தொழிலில் யாரும் கடையைத் தேடி வந்து ஏ.சி.யைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. போன் செய்கிறார்கள், நாம் போகிறோம். பிரிட்ஜையும் கழற்றிய கம்ப்ரசரையும் வைக்க வீட்டோடு ஒரு கொட்டகை முதல் ஆண்டுக்குப் போதும்.

பணம் ஏன் தாமதமாக வருகிறது என்பதை இந்தக் கடற்கரையின் ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் புரிந்துகொள்ள முடியும். சென்னையில் நீங்கள் பழகிய கணக்கு, வெயில் ஏறினால் வேலை ஏறும், வேலை ஏறினால் பணம் வரும் என்பது. இங்கே முதல் பாதி மட்டும் உண்மை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பிரிட்ஜும் ஏ.சி.யும் அதிகமாகப் பழுதாகும் நாட்களும் அவையேதான். படகு முதலாளி, அவரிடம் வேலை பார்ப்பவர், ஐஸ் விற்பவர், வலை பின்னுபவர், மீன் வண்டி ஓட்டுபவர் என்று அந்தப் பணத்தை நம்பியிருக்கும் எல்லா வீடுகளிலும் கை இறுகியிருக்கும் நேரத்தில்தான் நீங்கள் போய்க் கம்ப்ரசர் மாற்றிவிட்டு நிற்பீர்கள். "அண்ணே, தடை முடிஞ்சு படகு ஒரு தடவை போய்ட்டு வரட்டும், முழுசா குடுத்துர்றேன்" என்பார்கள். அவர்கள் ஏமாற்றுபவர்கள் அல்லர். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் ஜூலையில் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கேஸுக்கும் காப்பர் பைப்புக்கும் ராமநாதபுரம் கடைக்காரருக்கு நீங்கள் மே மாதமே பணம் கட்ட வேண்டியிருக்கும். முதல் கோடையில் எனக்கு வேலை குவிந்தது, நோட்டில் வரவு குவிந்தது, வீட்டில் அரிசிக்குக் கைமாற்று வாங்கினேன். இப்போது தடைக்காலத்தில் நான் பின்பற்றும் விதி, உதிரி பாகத்தின் விலையை மட்டும் முன்பணமாக வாங்கிவிடுவது, என் கூலியை வேண்டுமானால் கடனாக விடுவது. என் உழைப்பைக் கடன் கொடுத்தால் நான் மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும். பாகத்தைக் கடன் கொடுத்தால் அடுத்த வீட்டு வேலைக்கு வாங்க என்னிடம் காசு இருக்காது.

ராமேஸ்வரம் லாட்ஜ்களின் காலண்டர் முற்றிலும் வேறு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி, பள்ளிக்கூட விடுமுறை ஆகியவற்றை ஒட்டி அறைகள் நிரம்பும். அந்த நாட்களில் ஒரு அறையைக்கூடப் பராமரிப்புக்கு ஒதுக்கித் தரமாட்டார்கள், ஆனால் இரவு பதினொரு மணிக்கு "ரூம்ல கூலிங் இல்லேன்னு கஸ்டமர் சத்தம் போடுறாரு" என்று போன் வரும். ஆகவே தை அமாவாசைக்கு முந்திய வாரங்களையும் ஆனி மாதத்தையும் லாட்ஜ் சர்வீஸுக்கென்று ஒதுக்கி, நீங்களே போய்க் கேட்க வேண்டும். கீழக்கரையிலோ வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் குடும்பங்களின் வீடுகள் பல மாதங்கள் பூட்டிக் கிடந்து, நோன்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கப்படும்போது எல்லா ஏ.சி.யும் ஒரே நாளில் ஓட வேண்டும். நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்வதால் போன ஆண்டுக் குறிப்பை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் அங்கே பணம் கையோடு வந்துவிடும் என்பதால், தடைக்கால நெருக்கடியை அந்த வருமானத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் ஒரு திசை, கீழக்கரை மறுதிசை. இரண்டுக்கும் ஒரே நாளில் வாக்குக் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வேலை மிகவும் குறையும். அந்த இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டுக்குத்தான் அந்த ஒரு லட்சம்.

அடுத்து உப்பு. இதைப் பற்றிச் சென்னைக்காரர் ஒருவருக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் இருபுறமும் கடல் உள்ள பாம்பன் தீவு அளவுக்குத் தாக்கும் உப்பைச் சென்னையில் கடலோரத் தெருக்களுக்கு வெளியே நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துளி அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளில் படிகிறது. ஈரம் சேர்ந்ததும், காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது, அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் சூடேறிக் கடைசியில் எரியும். இதுவரை சொன்னதில் சந்தேகமில்லை. ஒரு யூனிட் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதில்தான் சந்தேகம். ஒரே கட்டடத்தில் கடலைப் பார்த்த மொட்டை மாடியில் வைத்த யூனிட் மூன்றாம் ஆண்டு ஓட்டை விழ, பின்புறச் சந்தில் வைத்தது எட்டு ஆண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், காற்று அடிக்கும் திசைதான் வேறு. நீலப் பூச்சுத் தகடுகள் சாதாரணத் தகடுகளைவிடக் கூடுதல் காலம் தாங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. சர்வீஸ் செய்தபின் மேலே அடிக்கும் ஸ்பிரே வகைகள் உதவுகின்றனவா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அடித்தவையும் போயிருக்கின்றன, அடிக்காதவையும் நின்றிருக்கின்றன. ஆகவே அதை விற்று நான் பணம் வாங்குவதில்லை.

உப்பைக் கழுவுவதில் நான் செய்த ஒரு பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு வாட்டர் சர்வீஸுக்கு அந்தந்தக் கட்டடத்து மோட்டாரைப் போட்டு, வந்த தண்ணீரிலேயே பிரஷர் வாஷரால் அடித்துவிட்டு வந்தேன். சில இடங்களில் கழுவிய யூனிட்டுகள் கழுவாதவற்றைவிட விரைவாக வெளுத்தன. காரணம் புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்தப் போர்வெல் தண்ணீரே உவர்த் தண்ணீர். இந்தப் பகுதியில் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். மணற்பாங்கான இடத்துக் கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளிப் போட்ட போர் கரிக்கும். உப்புப் படிந்த தகட்டை உப்புத் தண்ணீரால் கழுவி, அதை வெயிலில் காயவிட்டுவிட்டுக் கூலி வாங்கி வந்திருக்கிறேன். இப்போது பையில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு சிறிய டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறேன், தண்ணீர் கரித்தால் அதில் அழுக்கை மட்டும் அடித்துவிட்டு, கடைசி அலசலுக்குக் காவிரிக் குடிநீர் இரண்டு குடம் வாங்கிக்கொள்கிறேன். குடிநீரைக் கேட்டால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் தருவார்கள்.

தராசும் நைட்ரஜனும் இல்லாமல் தொடங்கியதன் பலனுக்கு வருகிறேன். ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் "கேஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க தம்பி, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, புதிதாகத் தொழில் தொடங்கியவனுக்கு மறுக்க மனம் வராது. போட்டேன். நாற்பது நாளில் போன் வந்தது. கசிவைப் பற்றி நான் வாயால் சொன்னது அவருக்கு நினைவில்லை, நான் வாங்கிய பணம் மட்டும் நினைவிருந்தது. முதல் ஆறு மாதத்தில் செய்த வேலைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது கூலியில்லாமல் திரும்பப் போயிருப்பேன். கூடவே அந்தத் தெருவில் என் பெயரும் போனது. அதன்பிறகு நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்காமல் கேஸ் போடுவதில்லை. மறுத்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கசிவு பார்க்க ஆக்சிஜனை ஏற்றும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. புதிய ஏ.சி.களில் உள்ள ஆர்-32 என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. பிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ நன்றாகவே தீப்பற்றும். உள்ளே கேஸ் இருக்கும்போது டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் யூனிட்டுகள் லாட்ஜ்களில் இன்னும் இருக்கின்றன. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியா அந்த வகைக் கேஸ்களை 2030-க்குள் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட வேண்டியிருப்பதால், அவற்றை நம்பி நீண்டகாலக் கணக்குப் போட வேண்டாம்.

பில்லைப் பற்றியும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அச்சடித்த பில் புத்தகம் சில நூறு ரூபாய்தான். நான் செய்த வேலைக்கு மூன்று மாத உத்தரவாதம் என்றும், கடல் உப்பால் காயிலில் வரும் அரிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்றும் தமிழில் இரண்டு வரி அச்சிட்டிருக்கிறேன். வேலை தொடங்கும் முன்பே அந்த வரியைப் படித்துக் காட்டிவிடுகிறேன். முடித்தபின் காட்டினால் அது சாக்குப்போக்காகத் தெரியும்.

விசிட்டிங் சார்ஜ் விஷயத்தில் நான் நெடுநாள் தயங்கினேன். தெரிந்த ஊர், தெரிந்த முகங்கள், சும்மா வந்து பார்ப்பதற்கா காசு என்பார்களே என்ற கூச்சம். மண்டபத்திலிருந்து பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய், பிளக்கைச் சொருகிவிட்டோ ரிமோட்டில் பேட்டரியை மாற்றிவிட்டோ, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எத்தனையோ. இப்போது முந்நூற்றைம்பது ரூபாய், பழுது பார்த்தால் பில்லில் கழித்துக்கொள்வேன் என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லத் தொடங்கிய ஆண்டில் அழைப்புகள் குறைந்தது உண்மை. அது கட்டணத்தால் குறைந்ததா, அதே ஆண்டில் பாம்பனில் இன்னொருவர் தொழில் தொடங்கியதால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஏற்பட்ட பெரிய நட்டம் ஒரு லாட்ஜின் ஆண்டு ஒப்பந்தத்தில். பதினான்கு ஏ.சி.க்கும் பாகங்கள் உட்பட எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வதாக, அறைகளை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொன்னேன். மொட்டை மாடிக்கு ஏறவில்லை. யூனிட்டுகள் எல்லாம் கடல்காற்றுக்கு நேர் எதிரே வரிசையாக நின்றன. எட்டு மாதத்தில் மூன்று கம்ப்ரசர், இரண்டு காயில். ஒப்பந்தப் பணத்தை முழுதும் போட்டும் போதாமல் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தம் போடுங்கள். பாகங்களைத் தனி பில்லாக வையுங்கள். ஒவ்வொரு அவுட்டோர் யூனிட்டையும் முதல் நாளே போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள். இன்னொன்றும் அந்த மாடியில்தான் தெரிந்தது. சுவரில் யூனிட்டைத் தாங்கும் இரும்பு பிராக்கெட் இங்கே பெயின்டுக்கு உள்ளேயே துருப்பிடித்துப் போயிருக்கும். பார்க்க முழுதாக இருக்கும். அதன் மீது காலையோ உடல் எடையையோ வைக்காதீர்கள். உதவிக்கு வரும் பையனையும் வைக்க விடாதீர்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், வங்கிக் கணக்கு உள்ள இருவருமே சேர்ந்துவிடுங்கள்.

லாட்ஜ் பாக்கி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்பவர் இடைத்தரகர். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு குறு தொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் வேலை தரும் ஒருவர் மீது புகார் எழுதும் துணிவு எனக்கு இதுவரை வந்ததில்லை. என் நடைமுறை வேறு: இரண்டு மாத பில் நின்றால் மூன்றாம் மாத சர்வீஸுக்குப் போவதில்லை, அவசர அழைப்புக்கு மட்டும் போவேன், அதற்குக் கையில் பணம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை "ரயில் இல்லை, கூட்டம் இல்லை" என்பது பாக்கிக்குச் சொல்லப்பட்ட காரணம். அறைகளில் ஆள் இருந்ததை ரிமோட் பேட்டரி மாற்றப் போன நானே பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயப் பதிவு. கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு என்றும், அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்றும் இரண்டு பிரிவுகள் உங்களுக்குப் பொருந்தும். மானியத்தோடு கூடிய திட்டங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். நான் கடன் வாங்காமல் தொடங்கியவன் என்பதால் வங்கியில் என்ன நடக்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல இயலாது. ஆனால் முதல் தடைக்காலத்தைப் பார்க்கும் முன் மாதத் தவணைக்குள் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கம்பெனி அங்கீகாரத்தை நான் ஒரே ஒரு நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு வைத்திருந்தேன். அதை வைத்து எல்லாவற்றையும் எடைபோடுவது சரியாகாது. அழைப்புகள் நிச்சயமாக வந்தன, ஓர் அழைப்புக்குக் கிடைத்த தொகை பெட்ரோலைக் கழித்தால் சொற்பம், உதிரி பாகங்களுக்கு டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது, கிளெய்ம் பணம் தாமதமாகவே வந்தது. மறுபக்கம், புதிய மாடல்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பற்றிய பயிற்சியை வேறெங்கும் நான் அவ்வளவு நன்றாகப் பெற்றதில்லை. எட்டு ஆண்டுக் கம்பெனி அனுபவம் உள்ள உங்களுக்கு அந்தப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது என்பதால், முதல் ஆண்டில் அங்கீகாரத்துக்கு டெபாசிட் கட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது வேலையை விடுவது என்று நீங்கள் எழுதவில்லை என்றாலும் அதைத் தீர்மானித்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தீர்மானிக்க முடியும். மழை முடிந்து மார்கழிக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுங்கள். தை அமாவாசைக்கு முன் இரண்டு மூன்று லாட்ஜ்களில் வாட்டர் சர்வீஸ் மட்டும் கேளுங்கள்; மாசி, பங்குனியில் வீடுகள்; ஏப்ரல் 15-க்கு முன் கையில் இருக்கும் பாக்கி முழுவதையும் வசூலித்துவிடுங்கள். சித்திரையில் வந்து இறங்கினால் முதல் நாளிலிருந்தே வேலை இருக்கும், ஆனால் அந்த வேலை பெரும்பாலும் கடனாகத்தான் இருக்கும். வரும்போது சென்னையில் நீங்கள் உதிரி பாகம் வாங்கிப் பழகிய கடைக்காரரின் எண்ணை வாங்கி வாருங்கள். போர்டு ஒன்று ராமநாதபுரத்தில் கிடைக்காத நாளில் இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம், மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் எடுத்துக்கொள்ளலாம்.